ஜெர்மன் வீட்டில் கிறிஸ்துமஸ்: சைவம் சாப்பிடுகிற நான் போகலாமா?

கேள்வி: ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்தில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் ஜெர்மன் தோழி, வரும் டிசம்பர் 24 முதல் 26 வரை அன்னாபெர்க் பக்கத்தில் இருக்கும் தன் பெற்றோர் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். பேச்சுக்குக் கூப்பிட்டாளா, நிஜமாகவே கூப்பிட்டாளா என்று புரியவில்லை. நான் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன். மதுப் பழக்கமும் இல்லை. போனால் சர்ச்சுக்கும் போயாக வேண்டுமா? என்ன வாங்கிக்கொண்டு போவது? போகவில்லை என்றால் விடுதியில் நான் மட்டும்தான் இருப்பேன். என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி, கெம்னிட்ஸ்

பதில்: பேச்சுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டாள். "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாயேன்" என்று ஒரு ஜெர்மானியர் சொன்னால் அது மரியாதைக்கு. தேதி போட்டுச் சொன்னால் அது அழைப்பு. அதிலும் 24ஆம் தேதி மாலை பெரும்பாலான வீடுகளில் குடும்பத்தாருக்கு மட்டுமே உரியது. அப்பா அம்மாவிடம் கேட்டு, நீங்கள் எங்கே படுப்பது என்பதையும் யோசித்த பிறகுதான் உங்களிடம் வாய் திறந்திருப்பாள். தாராளமாகப் போங்கள். ஆனால் வருகிறீர்களா இல்லையா என்பதை இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்", "முடிந்தால் வருகிறேன்" எல்லாம் அங்கே பதிலாகவே கணக்கில் வராது. பண்டிகைக் கறியைக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகிற ஊர் அது. ஆள் கணக்கு தெரியாமல் அந்த அம்மாவுக்கு வேலை ஓடாது.

உங்கள் கடிதத்தில் நிஜமான சிக்கல் சாப்பாடுதான். நீங்கள் போகும் இடம் எர்ட்ஸ்கபிர்கே மலைப்பகுதி. வெள்ளியும் தகரமும் தோண்டி வாழ்ந்த சுரங்கத் தொழிலாளர் நாடு. 2019இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. ஜெர்மனியின் பல வீடுகளில் 24ஆம் தேதி இரவு உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் வைத்துச் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. பழைய முறையை விடாத வீடுகளில் 'நைனர்லா' என்று ஒன்பது வகை பரிமாறுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. பயறு வகையான லின்ஸன் சாப்பிட்டால் சில்லறைக் காசுக்குப் பஞ்சம் வராது. கிளோசெ என்ற உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட்டால் பெரிய பணம் தங்கும். பீட்ரூட் கன்னத்துக்கு நிறம் கொடுக்கும். தட்டுக்கு அடியில் ஒரு நாணயம் வைப்பதும், எதிர்பாராமல் யாராவது வந்தால் என்று ஒரு தட்டு கூடுதலாகப் போடுவதும் வழக்கம். எந்த ஒன்பது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

உங்களுக்கு இது நல்ல செய்தி. ஒன்பதில் இறைச்சியும் மீனும் இரண்டு மூன்றுதான். வறுவல் கறி, பிராட்வுர்ஸ்ட் சாசேஜ், சில வீடுகளில் ஹெர்ரிங் அல்லது கெண்டை மீன். மீதியெல்லாம் பார்வைக்குச் சைவம்: சவர்கிராவுட் என்ற புளித்த முட்டைக்கோஸ், லின்ஸன், கிளோசெ, காளான், பீட்ரூட் அல்லது செலரிக் கிழங்கு சாலட், பழக் கொம்போட், பன்னைப் பாலில் ஊறவைத்துச் செய்யும் செம்மல்மில்ஷ். பார்வைக்குச் சைவம் என்று சொல்லக் காரணம் உண்டு. சவர்கிராவுட்டிலும் லின்ஸனிலும் ஷ்பெக் என்னும் பன்றிக் கொழுப்புத் துண்டுகளை வதக்கிப் போட்டுவிடுவார்கள். சிவப்பு முட்டைக்கோஸை வாத்துக் கொழுப்பிலோ, ஷ்மால்ட்ஸ் எனப்படும் பன்றிக் கொழுப்பிலோ வேகவைப்பார்கள். காளானும் பயறும் கறிச் சாற்றில் கொதித்திருக்கலாம். சமைத்த பிறகு "இதில் கறி இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை, ஷ்பெக் மட்டும்தான்" என்று வெள்ளந்தியாகப் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் ஷ்பெக் தாளிப்பு, கறி அல்ல.

இன்னொன்று, முட்டை. ஜெர்மனியில் சைவம் என்றால் முட்டை அதில் அடக்கம். 'நான் சைவம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் உங்களுக்கென்று அன்போடு ஆம்லெட்டோ, முட்டை போட்ட நூடுல்ஸோ செய்து வைத்திருப்பார்கள். கிளோசெயில் சில வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள், சில வீடுகளில் இல்லை. பிஸ்கெட் வகைகள் பலவற்றில் முட்டை உண்டு.

ஆகவே தோழிக்கு டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். பொதுவாகச் சொல்லாமல், பொருளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: கறி, மீன், முட்டை சாப்பிட மாட்டேன், ஷ்பெக், ஷ்மால்ட்ஸ், கறிச் சாறு, ஜெலட்டின் சேர்ந்ததும் வேண்டாம், பால், வெண்ணெய், சீஸ் சாப்பிடுவேன். கடைசி வரி முக்கியம். அதை விட்டால் வீகன் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா கடை கடையாக அலைவார். கூடவே ஒரு வழியும் சொல்லுங்கள்: "லின்ஸனிலும் சவர்கிராவுட்டிலும் ஷ்பெக் போடுவதற்கு முன் எனக்குக் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்தால் போதும். தனிச் சமையல் வேண்டாம்." ஐந்து நிமிட வேலையாக இதைச் சொன்னால் யாருக்கும் பாரமில்லை. நம் பக்கத்தில் விருந்தாளி சாப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே பேசுவது கூச்சமான விஷயம். அங்கே நேர் எதிர். மேசையில் எல்லாம் வைத்த பிறகு ஒவ்வொன்றாக வேண்டாம் என்று தள்ளுவதுதான் வீட்டுக்காரியை நோகடிக்கும்.

மேசையில் உட்காரும் முன் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். நைனர்லா சாப்பிடும்போது நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது பழைய நம்பிக்கை; பரிமாறும் அம்மாவுக்கு மட்டும் விலக்கு. இன்று சிரித்துக்கொண்டேதான் கடைப்பிடிக்கிறார்கள் என்றாலும், விருந்தாளி முதல் ஆளாக எழுந்தால் பாட்டி முகம் மாறலாம். எல்லாவற்றிலும் ஒரு வாயாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்வார்கள். நீங்கள் முன்பே எழுதிவிட்டதால் அதில் வற்புறுத்த மாட்டார்கள்.

வற்புறுத்தாதது உங்களுக்கே பாதகமாகவும் முடியலாம். இரண்டாவது முறை பரிமாற வரும்போது "டாங்க" (நன்றி) என்று மட்டும் சொன்னால் 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொண்டு பாத்திரத்தை நகர்த்திவிடுவார்கள். திரும்ப ஒரு தடவை கேட்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் பசியோடுதான் படுக்கப் போக வேண்டும். வேண்டுமென்றால் முதல் தடவையே "யா, கெர்ன" (ஆமாம், சந்தோஷமாக) சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இணையாக வைத்துவிடுங்கள். தண்ணீர் கேட்டால் சோடாத் தண்ணீர் வர வாய்ப்பு அதிகம். குழாய்த் தண்ணீர் போதும் என்று தயங்காமல் கேட்கலாம், அது குடிக்கத் தக்க தண்ணீர்தான்.

மது விஷயத்தில் விளக்கமே தேவையில்லை. "நான் மது குடிப்பதில்லை" என்ற ஒரு வரி போதும். காரணம், மதம், வீட்டுக் கட்டுப்பாடு என்றெல்லாம் நீட்டினால்தான் பேச்சு வளரும். கையில் ஜூஸ் இருந்தாலும் கிளாஸைத் தூக்கும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துத் தூக்குங்கள், அதைத்தான் அவர்கள் கவனிப்பார்கள். கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கூட்டிப்போனால் கிளூவைன் என்ற சூடான மசாலா வைனுக்குப் பதில் கிண்டர்புன்ஷ் கேளுங்கள். மசாலா போட்ட சூடான பழச்சாறு, மது இல்லை. கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் கையில் வந்துவிடும். மது ஒளிந்திருக்கும் இடம் வேறு. ஷ்டொல்லன் கேக்கின் திராட்சையைப் பெரும்பாலும் ரம்மில்தான் ஊறப்போடுவார்கள். சாக்லேட்டுக்குள் மது இருக்கலாம். குழம்பில் வைன் இருக்கலாம். உங்களுக்கு அதுவும் கூடாது என்றால் அந்த வாட்ஸ்அப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

சர்ச்சுக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அழைத்தால் போகலாம் என்பதே என் கருத்து. அந்தப் பகுதியின் சர்ச்சுகள் பெரும்பாலும் லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) வழி. 24ஆம் தேதி பிற்பகலில் நடக்கும் ஆராதனைக்கு, ஆண்டு முழுவதும் சர்ச் பக்கமே போகாதவர்களும் வருவார்கள். பிள்ளைகள் இயேசு பிறப்பு நாடகம் போடுவார்கள். அரை மணி முன்னால் போனால்தான் உட்கார இடம் கிடைக்கும். எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். பாடவோ ஜெபிக்கவோ தேவையில்லை. நற்கருணை கொடுத்தால் இடத்திலேயே இருந்துகொள்ளுங்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். காணிக்கைக்கு ஒன்றிரண்டு யூரோ சில்லறை வைத்திருங்கள். பழைய கல் கட்டடங்கள் உள்ளேயும் குளிரும். கோட்டைக் கழற்ற வேண்டியதில்லை. சில கிராமங்களில் 25ஆம் தேதி விடியற்காலையிலும் ஆராதனை உண்டு. அதற்கு எழுப்பட்டுமா என்று கேட்டால் தூங்குகிறேன் என்று சொல்வதில் தவறே இல்லை.

பரிசு 24ஆம் தேதி மாலையிலேயே பிரிக்கப்படும், மறுநாள் காலையில் அல்ல. தோழியிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வீட்டில் பரிசு கொடுத்துக்கொள்வீர்களா? எனக்கு யாராவது வாங்குகிறார்களா?" பல வீடுகளில் பெரியவர்களுக்குப் பரிசே வேண்டாம் என்று பேசி வைத்திருப்பார்கள். சில வீடுகளில் சீட்டுக் குலுக்கி, ஒருவருக்கு ஒருவர் மட்டும் கொடுப்பார்கள். எப்படி இருந்தாலும் வீட்டுக்குப் பொதுவாக 15 யூரோ அளவில் ஒன்றும், தோழிக்குத் தனியாகச் சின்னதாக ஒன்றும் போதும். நிறையச் செலவழித்தால் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற சங்கடம் அவர்களுக்கு. பூங்கொத்து வாங்கினால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வாங்கி, சுற்றியிருக்கும் கடைத்தாளைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். ஊரிலிருந்து பால்கோவா வரவழைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருட்களைத் தனிநபர் கொண்டுவரவோ பார்சலில் அனுப்பவோ தடை இருக்கிறது. நல்ல டீத்தூள், முழு ஏலக்காய், ஒரு பருத்தித் துணி மேசை விரிப்பு எல்லாம் சிக்கல் இல்லாதவை. நம் சமையல் செய்து காட்ட ஆசை என்றால் 24ஆம் தேதி அடுப்படிக்குள் போகாதீர்கள். அன்று அடுப்பின் ஒவ்வொரு பர்னருக்கும் நேரம் குறித்திருப்பார்கள். 26ஆம் தேதி மதியம் ஒரு எலுமிச்சை சாதம் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். மிளகாயைப் பாதியாக்குங்கள்.

வீட்டுக்குள் நுழையும்போது செருப்பு, ஷூ வெளியே; வீட்டுச் செருப்பு கொண்டுபோனால் பெரிதும் மகிழ்வார்கள். தோழியின் பெற்றோரைக் குடும்பப் பெயரோடு ஹெர் (திரு), ஃப்ராவ் (திருமதி) சேர்த்து 'ஸீ' (நீங்கள்) என்றே அழைக்கத் தொடங்குங்கள். அவர்களாக 'டூ' (நீ) என்று சொல்லச் சொன்னால் மாறிக்கொள்ளலாம். மலையூர்களில் இது சீக்கிரமே நடந்துவிடும். அங்கே சுரங்கத்தார் வணக்கமான "க்ளுக் அவுஃப்" இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அதைச் சொன்னால் தாத்தா உங்கள் பக்கம் சேர்ந்துவிடுவார்.

அந்த வீட்டின் மர வேலைப்பாடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜன்னலில் அரைவட்டமாக விளக்கு எரியும் வளைவு இருக்கும், ஷ்விப்போகன் என்று பெயர். இருட்டில் சுரங்கத்துக்குள் இறங்கி இருட்டிய பிறகே மேலே வந்தவர்களுக்குக் குளிர்காலத்தில் வெளிச்சமே பெரும் ஏக்கம். ஊர் முழுக்க ஜன்னல் விளக்கு எரிவது அதனால்தான். ஒரு பல்பு சாய்ந்திருக்கிறதே என்று திருகிச் சரிசெய்யப் போகாதீர்கள். பல வளைவுகளில் பல்புகள் தொடர் இணைப்பில் இருக்கும், ஒன்று தளர்ந்தாலும் மொத்தமும் அணைந்துவிடும். சுரங்கத்தான் பொம்மையும் தேவதைப் பொம்மையும் ஜன்னலில் நின்றால், எத்தனை சுரங்கத்தான், எத்தனை தேவதை என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் எத்தனை பையன்கள், எத்தனை பெண்கள் என்பதற்கு அதுதான் பழைய கணக்கு.

புகைவிடும் மரப்பொம்மையை உங்களையே பற்றவைக்கச் சொல்லலாம். கம்ப்யூட்டர் சாம்பிராணி மாதிரி ஒரு சின்னக் கூம்பு இருக்கும். பொம்மையின் மேல்பாதியை நேராக மேலே தூக்கினால் கழன்று வரும். தலையைப் பிடித்துத் திருகினால் பொம்மையின் கை உடையும். உள்ளே தகரத் தட்டில் கூம்பை நிற்கவைத்து, நுனியைப் பற்றவைத்து, நுனி சிவந்ததும் தீயை ஊதி அணைத்துவிட்டு மேல்பாதியை மாட்டுங்கள். தீ அணையாமல் மாட்டினால் உள்மரம் கருகும். சிவக்கும் முன்பே ஊதினால் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும். சரியாகச் செய்தால் வாய் வழியாகப் புகை வரும். பக்கத்தில் மெழுகுவத்திச் சூட்டில் சுழலும் மரப் பிரமிடு இருந்தால் துப்பட்டாவை இறுக்கிக்கொள்ளுங்கள்.

இனி வழி. கெம்னிட்ஸிலிருந்து அன்னாபெர்க்-புக்ஹோல்ட்ஸுக்கு எர்ட்ஸ்கபிர்க்ஸ்பான் ரயில் போகிறது. உங்கள் செமஸ்டர் டிக்கெட், நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பேருந்துகளில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் வகை என்றால் அதுவே செல்லும். 24ஆம் தேதி மாலையில் கிராமத்துப் பேருந்துகள் சீக்கிரமே நின்றுவிடும். 25, 26 விடுமுறை அட்டவணை, சில வழித்தடங்களில் பேருந்தே இருக்காது. ஆகவே 24ஆம் தேதி நண்பகலுக்குள் போய்ச் சேருவது போல் கிளம்புங்கள். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று எழுதினால் நிலையத்துக்குக் கார் வரும். திரும்பும் நேரத்தையும் போவதற்கு முன்பே பேசிவிடுங்கள். 25ஆம் தேதி வாத்து வறுவலும் உறவினர் வருகையும். 26ஆம் தேதி அவர்களே வேறு உறவினர் வீட்டுக்குப் போகலாம். என்னைக் கேட்டால் 26ஆம் தேதி காலை கிளம்புவதே சரி. மூன்று நாளும் முழுக்க விருந்தாளி இருந்தால் இரு பக்கமும் களைத்துவிடும். அன்னாபெர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். கெம்னிட்ஸில் மழை பெய்யும் நாளில் அங்கே பனி கிடக்கும், அடிப்பாகம் வழுக்காத ஷூ போடுங்கள்.

விடுதி அறையை விட்டுக் கிளம்பும்போது ஹீட்டரை முழுக்க அணைக்காமல் 1இல் வையுங்கள். ஜன்னல் சாய்த்துத் திறந்தபடி இருக்கக் கூடாது. சாவி பையில் இருக்கிறதா என்று கதவை இழுக்கும் முன் பாருங்கள். அங்கே கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். பண்டிகை நாளில் பூட்டுத் திறக்க ஆள் கூப்பிட்டால் கூடுதல் கட்டணம் கண்ணைக் கட்டிவிடும்.

ஒருவேளை போகவில்லை, அல்லது 26ஆம் தேதியே திரும்பிவிடுகிறீர்கள் என்றால் சமையல் சாமான் விஷயத்தில் கவனம். 2026இல் 24ஆம் தேதி வியாழன். கடைகள் அன்று பிற்பகல் 2 மணிக்கு மூடிவிடும், சில அதற்கும் முன்பே. வெள்ளியும் சனியும் விடுமுறை, அடுத்தது ஞாயிறு. 28ஆம் தேதி திங்கள் காலைதான் மறுபடி திறக்கும். அரிசி, பருப்பு, பால், காய், காய்ச்சல் மாத்திரை எல்லாவற்றையும் 23ஆம் தேதிக்குள் வாங்கி வையுங்கள். 24ஆம் தேதி காலை வரிசையில் நிற்பது தண்டனை. இடையில் அவசரம் என்றால் பெட்ரோல் பங்க் கடையும் பெரிய ரயில் நிலையக் கடையும்தான் கதி. உடம்புக்கு முடியவில்லை என்றால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. மருந்துக்கடைகள் முறை வைத்துத் திறந்திருக்கும், பூட்டிய கடைக் கதவிலேயே அன்று எது திறந்திருக்கிறது என்று ஒட்டியிருப்பார்கள்.

இன்னும் தயக்கமாக இருந்தால் டிசம்பர் 20, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஆட்வெண்ட் ஞாயிறுகளில் கடைசி ஞாயிறு அன்று தோழியோடு அன்னாபெர்க்கில் நடக்கும் சுரங்கத்தார் ஊர்வலத்துக்குப் போய்வாருங்கள். கறுப்புச் சீருடையும் பித்தளை வாத்தியமுமாக அந்தப் பகுதியின் சங்கங்கள் அணிவகுக்கும் நாள் அது. அவள் பெற்றோரும் வந்தால் அங்கேயே ஒரு முறை பார்த்துப் பேசிவிடலாம். 24ஆம் தேதி அறிமுகமில்லாத வீட்டுக்குள் நுழைவதாக இருக்காது.

போய்வந்த இரண்டு நாளுக்குள் பெற்றோருக்கு ஒரு அட்டையில் கையால் நான்கு வரி ஜெர்மனில் எழுதி அனுப்புங்கள், இலக்கணப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. அங்கே எடுத்த படங்களை, குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் படங்களை, கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.